திருச்சி – சிங்கப்பூர்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 2,980 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானம் இதை ஏறத்தாழ 4 மணி நேரத்தில் கடக்கிறது.

நாமக்கல்காரர்களும் இந்தப் பயணத்துக்குத் திருச்சிக்குத்தான் வர வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளமே கொண்டது. ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே அங்கு வந்துபோகின்றன. ஆகவே நாமக்கல்லிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அருகில் இருப்பது, தொட்டியம், முசிறி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருச்சிதான்.

வான்வழித் தொலைவு என்பது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். திருச்சியிலிருந்து அந்தக் கோடு வேதாரண்யம் பக்கமாகக் கரையைக் கடந்து, வங்கக்கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதிக்கு மேலாகச் சென்று மலாக்கா நீரிணையை அடைகிறது. விமானங்களோ வகுக்கப்பட்ட வான்பாதைகளில் செல்ல வேண்டியிருப்பதால், உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும்.

இத்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்களின் வேகம் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், வேகம் குறைத்து இறங்குவதும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்று வீசுகிறது. இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் விளக்கிய கீழைத் தாரைக்காற்று இது. அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்காற்று. திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று.

1980களின் நடுப்பகுதிவரை தமிழர்கள் வங்கக்கடலைக் கப்பலிலும் கடந்தார்கள். 'ரஜூலா', அதன்பின் 'சிதம்பரம்' என்ற கப்பல்களில் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. 1985இல் 'சிதம்பரம்' கப்பலில் பற்றிய தீயோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். நள்ளிரவு 12 மணிக்குத் திருச்சியில் கிளம்பினால், இறங்கும்போது அங்கே காலை 6.30. திரும்பி வரும்போது கடிகாரக் கணக்கில் ஒன்றரை மணி நேரமே கழிந்திருக்கும்.

பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். சாலைப் பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் சேர்த்தால், நள்ளிரவு விமானத்தைப் பிடிக்க நாமக்கல்லிலிருந்து மாலை ஆறரைக்குள் புறப்பட்டாக வேண்டும்.