உப்பிலிருந்து பிறந்த மூலம்

திருகோணமலைக்கு வடக்கே கடலை அடுத்துள்ள நிலாவெளி உப்பு விளைதற்குப் பெயர் பெற்ற ஊர். மாரி கழிந்து கச்சான் காற்று வீசுங் காலத்தே பாத்திகளிற் கடல்நீர் வற்றுகின்றது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. நீர் ஆவியாகுந்தோறும் கரைதிறன் குறைந்தவை முந்திப் படியும். முதலிற் கல்சியங் காபனேற்றும், அடுத்துக் கல்சியஞ் சல்பேற்றும், கடல்நீர் பத்திலொரு பங்காய்ச் சுருங்குங்கால் கறியுப்பும் படிகின்றன. மகனீசிய உப்புக்களிற் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரிலே தங்கும். கரைசல், நிரம்பிய கரைசல், பளிங்காதல் ஆகிய பாடங்கள் யாவும் அப்பாத்தியிலேயே அடங்கும்.

அமிலம், மூலம் என்பவற்றின் வரலாறும் உப்பினோடு பிணைந்ததே. அமிலம் என்பது புளிப்பைக் குறிக்கும் வடசொல்வழி வந்தது. காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் அரபுச் சொல்லோ செடிகளின் சாம்பலைச் சுட்டியது. 1754இல் பிரான்சிய அறிஞர் ரூவேல், அமிலத்தைப் பிணித்துத் திண்ம உப்பாக நிறுத்தும் பொருளுக்கு அடிப்படை எனப் பொருள்படும் பெயரை இட்டார். எதற்கு அடிப்படை எனின், உப்புக்கு என்க. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'மூலம்' என்னுஞ் சொல் அப்பெயரின் நேர்பொருளுடையது. நீரிற் கரையும் மூலமே காரம் எனப்படும். செப்பொட்சைட்டு நீரிற் கரையாது. எனினும் அமிலத்தோடு கூடி உப்பைத் தருதலின் அதுவும் மூலமே.

அமிலத்தன்மைக்கு ஒட்சிசனே காரணமென இலவோசியே கருதினார். ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லையென 1810ஆம் ஆண்டளவில் டேவி நிறுவினார். 1880களில் அரேனியசு அயன்களைக் கொண்டு விளக்கினார். நீரில் ஐதரசன் அயனைத் தருவது அமிலம். ஐதரொட்சைட்டு அயனைத் தருவது மூலம். 1923இல் பிரன்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே, புரோத்தனை ஈவது அமிலம், ஏற்பது மூலம் என விரித்தனர். இவை ஒன்றையொன்று அழிக்கும் வரைவிலக்கணங்கள் அல்ல. முன்னையதின் எல்லையைப் பின்னையது அகலித்தது. மூன்றையும் தொடர்பின்றி மனனஞ் செய்யும் மாணவன் இவ்வளர்ச்சியைக் காணாதொழிவான்.

இவ்வறிவு தமிழிற் புகுந்ததும் அண்மையிலன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. அரேனியசின் கொள்கை தோன்றுமுன்னரே தமிழில் இரசாயன நூல் இருந்ததென்பது நினைக்கத்தக்கது. தமிழில் விஞ்ஞானம் கற்பித்தல் இயலாதென்பார்க்கு அந்நூலே விடையாகும்.

1961இல் சுவீடன் நாட்டு அறிஞர் சிலென் கடலையே ஒரு மாபெரும் நடுநிலையாக்கலின் விளைவாகக் கண்டார். புவியின் உள்ளிருந்து வெளிப்பட்ட அமிலங்களும் பாறைகள் சிதைந்து தந்த மூலங்களும் ஆங்கே சந்தித்தன என்றார். நிலாவெளியிற் பாத்தியினின்று வாரப்படும் உப்பு அந்நெடிய தாக்கத்தின் எச்சமாகும். பாடநூலில் உப்பு இறுதியில் வரினும், கற்பித்தல் அதிலிருந்தே தொடங்குதல் தகும்.