அப்பா ஏறாத விமானம்

தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் விமான தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து சென்னைக்கு வாயுதூத் விமானம் பறந்தது. வயலில் நின்று அண்ணாந்து பார்க்கும் அப்பா, "ஒரு தடவை ஏறிப் பார்த்துடணும்டா" என்பார். "அறுப்பு முடியட்டும்ப்பா" என்று தள்ளிப்போட்டேன். போதிய பயணிகள் இல்லையென்று அந்தச் சேவையே நின்றுபோனது. வராமல் போன பயணிகளில் நாங்களும் இருவர்.

2013 மே 27 அன்று அது விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில், பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 போர் விமானங்களின் படைப்பிரிவு வந்து சேர்ந்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால், விமானம் ஏற நாங்கள் இன்னமும் திருச்சிக்குத்தான் போகிறோம். சுகோய் சத்தம் கேட்டால் நானும் அண்ணாந்து பார்க்கிறேன். அப்பா நினைவுதான் வருகிறது.