கிணற்றடியும் பெட்டியடியும்



மத்யன் நகரின் கிணற்றடியில் நடந்ததை நாம் அறிவோம். மூஸா (அலை) அவர்கள் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டுக் கூலி கேளாமல் நிழலில் ஒதுங்கினார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர், அவரை வேலைக்கு அமர்த்துமாறு தந்தையிடம் கூறியபோது, வலிமை, நம்பகம் ஆகிய இரண்டையே தகுதியாகச் சொன்னார் (அல்குர்ஆன் 28:26). இரண்டையும் அவர் நேரில் கண்டிருந்தார்.

இவ்வாறு கண்டறிந்து ஆள் எடுக்கும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவர்கள் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருந்தனர். பயண நூலாசிரியர் சோமலெ பிறந்த நெற்குப்பை உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார், பர்மா, இலங்கை, மலாயா எனக் கடல் கடந்து கடை நடத்தினர். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன. அவர்களது வட்டித் தொழில் நமக்கு விலக்கப்பட்டது; அதைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆள் தேர்ந்த விதமே இங்கு பேசப்படுகிறது.

முதலாளி ஊரில் இருப்பார்; பணம் இரங்கூனில் இருக்கும். கப்பலில்தான் கடிதம் போக வேண்டும். அந்நிலையில் பெட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது? சிறு வயதிலேயே மனக்கணக்குப் பழகிய சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையைப் பெருக்குவதும், ஏவிய வேலைக்கு ஓடுவதும், பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பார்ப்பதுமே அவன் கல்வி. தேறினால் அடுத்தாள் ஆவான். பல்லாண்டு பார்த்த பிறகே அவனை ஏஜெண்டாக அனுப்பி, முதலாளியின் பெயரில் கையெழுத்திடும் அதிகாரத்தையும் வழங்குவர்.

பொதுவாக மூன்றாண்டுத் தவணை. அதற்கான சம்பளத்தைச் சம்பளச் சீட்டில் எழுதி, ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுவர். குடும்பம் ஊரில் இருக்கும். வீட்டுச் செலவுக்காகப் பெட்டியில் கைவைக்கும் நெருக்கடி அவருக்கு நேராது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நம் கடைகளிலோ, மாதம் பிறந்து பத்து நாள் கழித்துச் சம்பளம் தரும் வழக்கம் இன்றும் இருக்கிறது! தவணை முடிவில் புதிய ஏஜெண்டு வந்து பொறுப்பை ஏற்பார். பழையவர் ஊர் திரும்பிக் கணக்கை ஒப்படைப்பார். வேலை நன்றாக அமைந்திருந்தால் இலாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கும்.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. ஏஜெண்டுகள் பெரும்பாலும் அவர்களது சமூகத்தினரே. தவறு செய்தால் சொந்த ஊரிலேயே பெயர் கெடும் என்ற அச்சமும் அந்த நம்பகத்திற்குக் காவலாக நின்றது. பர்மியர் ஒருவர் எவ்வளவு திறமையும் நேர்மையும் உடையவராயினும் அப்பொறுப்புக்கு வருவது மிக அரிது. உறவுக்காரர் என்பதற்காகவே கல்லாவில் ஆளை அமர்த்தும் நம்மவர்களுக்கும் இக்குறை பொருந்தும்.

ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் பின் உரைகித், இணைவைப்போரின் மார்க்கத்தில் இருந்தவர். ஆனால் பாலைவனப் பாதைகளை நன்கு அறிந்தவர், நம்பகமானவர். தம் இரு ஒட்டகங்களை அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். அவர்களைப் பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என மக்காவில் அறிவிக்கப்பட்டிருந்தது. உரைகித்தின் மகனோ மூன்றாம் நாள் காலையில் அந்த இரு ஒட்டகங்களுடன் குகை வாயிலுக்கு வந்து சேர்ந்தார்.