உள்ளேன் ஐயா!



ஆசிரியப் பயிற்சி முடித்து நான் முதன்முதலாக வகுப்பெடுத்த நாளில், வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அழைத்தேன். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தது, குறித்துக்கொண்டேன். பின்னர் அப்பிள்ளையையே கணக்குப் போட அழைத்தபோது எவரும் எழவில்லை. வராத தோழனுக்காக வேறொருவன் குரல் கொடுத்திருந்தான்! குரலை மட்டும் நம்பலாகாது, கணக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று கற்றேன். அண்மையில் மம்சாபுரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கணிப்பொறியின் வரலாற்றைக் கூறியபோது, அதே பாடத்தை அங்கும் கண்டு வியந்தேன்.

கணிப்பொறியில் இயக்க முறைமையின் உட்கரு எழுந்ததும், பொறியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன என்று கணக்கெடுக்கும். புள்ளி வைத்த எண்களை விரைந்து கணக்கிடும் மிதவைப் புள்ளி அலகு அவற்றுள் ஒன்று. இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8087 என்னும் தனிச் சில்லு அத்தகையது. அதைப் பொருத்திய பொறிகளும் உண்டு, பொருத்தாதவையும் உண்டு. 1989இல் வந்த 486 செயலி அவ்வலகைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. 1991இல் வந்த அதன் மலிவுப் பதிப்பிலோ அந்த வசதி இல்லை.

உட்கரு இதனை எவ்வாறு அறிந்தது? நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதிவைத்து, "உன் நிலையை இவ்விடத்தில் எழுது" என்று அலகுக்கு ஆணையிட்டது. அலகு இருந்தால் எண் மாறும்; இல்லையேல் எழுதியது எழுதியபடியே கிடக்கும். அப்போது அக்கணக்குகளை மென்பொருளே மெதுவாகப் போட்டுக்கொடுக்கும். 1993இல் வந்த பென்டியம் செயலியோ, கேட்டவுடன் தன் திறன்களைத் தானே பட்டியலிட்டது.

ஆயினும் 1994இல், பகா எண்களை ஆராய்ந்த அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, அச்செயலி சில எண்களைப் பிழையாக வகுப்பதைக் கண்டறிந்தார். இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்சின் உட்கருவில் அதன்பின் ஒரு சோதனை சேர்ந்தது: 41,95,835ஐ 31,45,727ஆல் வகு; ஈவை அதே எண்ணால் பெருக்கு; முதல் எண்ணிலிருந்து கழி. விடை 0 வரவேண்டும். பழுதுற்ற செயலியில் 256 வந்தது. தொடக்கப் பள்ளியில் வகுத்தலைச் சரிபார்க்க நாங்கள் கற்பித்த முறையன்றோ இது!

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'சக்தி' செயலியில் 2018இல் லினக்சு இயங்கிற்று. 'ரிஸ்க் ஃபைவ்' என்னும் பொது விதிமுறையைப் பின்பற்றுவது சக்தி. அவ்விதிமுறையில் ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எழுத்து உண்டு: 'எஃப்' ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளியையும், 'டி' இரட்டைத் துல்லியத்தையும் குறிக்கும். பொறியை விவரிக்கும் குறிப்பிலுள்ள அவ்வெழுத்துகளை உட்கரு படித்தறிகிறது. குறிப்பைப் பிழையின்றி எழுதுவது மனிதர் பொறுப்பு.

மாணவர்களே, நாளைய செயலிகளை வடிக்கப்போவோர் நீங்களே. பட்டியலில் எழுத்து இருக்கிறதென்று அமைதியுறாதீர்கள். ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள்.