இருண்ட நிலவறையும் இருப்புப் பாதையும்

கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளும் பாழடைந்த நிலவறைகளும் திரைப்படக் கலைஞரைக் கவர்வது இயல்பே. வளைந்த கூரையும், ஒரு புறத்திலிருந்து மட்டும் விழும் ஒளியும், அடியெடுத்து வைத்தால் எதிரொலிக்கும் தரையும் அமைந்துவிட்டால், அச்சமும் சோகமும் தாமே காட்சியில் வந்து சேரும். காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அத்தகைய கட்டடங்கள் இரண்டினைக் காண்போம்.

ஒன்று, கோட்டையின் வடபுறத்தில் ஆற்றை அடுத்துள்ள சிறை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்துக் கட்டிய கூரை. சுவரோரத்தில், கைதிகளைச் சங்கிலியால் பிணைப்பதற்காகத் துளையிட்ட கற்பலகைகள். கர்னல் பெய்லி என்ற ஆங்கிலேயத் தளபதியின் பெயரால் அது வழங்குகின்றது.

அப்பெயரின் கதை தொடங்கியது நம் தொண்டை நாட்டில். 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் பெய்லியின் படையை வளைத்து முறியடித்தனர். சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிர் நீத்தார். அப்போர்க் காட்சியைத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இன்றும் வண்ண ஓவியமாகக் காணலாம். ஆயினும், பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே என்பதை நினைப்பவர் சிலரே. தளபதியின் பெயர் கட்டடத்துக்கு நிலைத்தது. கூழுக்காகப் படையில் சேர்ந்தவன் பெயர் காற்றோடு போயிற்று.

மற்றொன்று, புகைவண்டி நிலையத்தை அடுத்திருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கு. பெங்களூரிலிருந்து மைசூருக்கு 1882இல் வந்து சேர்ந்த இருப்புப் பாதை, கோட்டையை ஊடறுத்துச் செல்கின்றது. பின்னாளில் இரட்டைப் பாதை அமைக்க முனைந்தபோது, இக்கிடங்கு குறுக்கே நின்றது. இடித்துத் தள்ளுவது எளிது. அவ்வாறு செய்யாமல், ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள அக்கட்டடத்தை அடியோடு உயர்த்தி, 2017இல் சற்றுத் தொலைவுக்கு நகர்த்தி வைத்தனர். வண்டிக்கும் வழி கிடைத்தது. வரலாற்றுக்கும் இடம் எஞ்சியது.

ஒளிப்படக் கருவியோடு வருவோர் வரட்டும். ஆனால் அவ்விருளைப் பேய்க்கதைக்கு ஏற்ற திரைச்சீலையாக மட்டும் கருதலாகாது. அங்கே மனிதர் அடைபட்டுக் கிடந்தனர். பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் தமிழன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அக்கற்பலகைகளைக் காட்டுங்கள். புள்ளலூரின் பெயரையும் சொல்லுங்கள். காவிரிக் கரையில் கிடக்கும் அந்தக் கதையில் காஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர்கள் அறியட்டும்.