சிஏ 19-9

கணையப் புற்றுநோயில் மிகுதியாகப் பயன்படும் இரத்த அடையாளப் பொருள். சியாலில் லூயிஸ்-ஏ என்னும் சர்க்கரைத் தொடரால் ஆன ஆன்டிஜென் இது. இதை இனங்காணும் ஒற்றைப்படியாக்க எதிர்ப்புரதத்தை, அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியின் குழு உருவாக்கி 1979-இல் வெளியிட்டது. அப்போது ஆய்வுக்கு எடுக்கப்பட்டவை பெருங்குடல் புற்று செல்கள்.

மில்லிலிட்டருக்கு 37 அலகு வரை இயல்பான அளவு எனக் கொள்ளப்படுகிறது. பித்தநாள அடைப்பு, மஞ்சள் காமாலை, கணைய அழற்சி ஆகியவற்றிலும் அளவு உயரும். லூயிஸ் ஆன்டிஜென் அற்ற இரத்த வகையினரில் புற்று இருந்தும் அளவு உயராமல் போகலாம். தொடக்க நிலைச் சிறு கட்டிகளிலும் அளவு இயல்பாக இருக்கக்கூடும். ஆகவே அறிகுறியற்ற பொதுமக்களுக்கான முன்பரிசோதனையாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை. சிகிச்சையின் பலனையும் நோய் திரும்புவதையும் கண்காணிக்கவே பெரிதும் உதவுகிறது.

சிஏ 19-9 தவிர, கணையப் புற்றுக் கட்டிகளில் 90 சதவீதம் அளவுக்குக் காணப்படும் கேராஸ் மரபணுத் திரிபை இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளில் தேடும் முறை ஆய்வில் உள்ளது.