ஆக்சிசனேற்ற அழுத்தமும் இதய நோயும்: வைட்டமின் ஈ சோதனைகள்

உடலில் உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்களே மூப்புக்குக் காரணம் என்ற கருத்தை டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார். இதய நோய்க்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு 1980களில்தான் தெளிவு பெற்றது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள்களை, அவை இயல்பாக இருக்கும்வரை, தமனிச் சுவரிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் அதிகம் உள்ளிழுப்பதில்லை. எண்ணெய் காறிப்போவதுபோல் அவை ஆக்சிசனேற்றம் அடைந்த பின்னரே அளவின்றி விழுங்கி, நுரைச் செல்களாக மாறுகின்றன. அமெரிக்காவில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினர் உள்ளிட்டோரின் ஆய்வுகள் இதைக் காட்டின.

அப்படியானால் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாரடைப்பையும் தடுக்குமே என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. 87,000-க்கும் மேற்பட்ட செவிலியரிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வில், அதை மிகுதியாக உட்கொண்டவர்களிடம் இதய நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆனால் வைட்டமின் மாத்திரை வாங்கி உண்பவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்கள். பலன் மாத்திரையாலா, அந்த அக்கறையாலா என்று இத்தகைய ஆய்வால் பிரித்தறிய இயலாது.

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய சோதனைகளே விடை தந்தன. 2000-இல் வெளியான 'ஹோப்' சோதனையில் 9,541 பேரில் பாதிப்பேர் சுமார் நாலரை ஆண்டுகள் நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ உட்கொண்டனர், பயனில்லை. 2002-இல் பிரித்தானியாவின் இதயப் பாதுகாப்பு ஆய்வு, 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துச் சோதித்தும் அதே முடிவுக்கு வந்தது. அதே ஆய்வில், அதே மக்களிடம், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ கால் பங்கு குறைத்திருந்தது.